வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வீடுகள்

பாண்டிக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால், எந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுக்கப்போகிறார்கள் என்பதை இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மேலே காகிதப்பூக் கொடி. துய்மா வீதியிலும் ரோமன் ரோலண்ட் வீதியிலும் அப்படிப்பட்ட சுவர்களுக்கு முன்னால் சனி ஞாயிறுகளில் கூட்டம் முறைவைத்துக் காத்திருக்கும். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காரர்கள் வேறு. சுவர் அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த மதில்கள் தெருவில் போகிறவர்கள் கண்ணில் வீடு படக்கூடாது என்பதற்காகவே எழுப்பப்பட்டவை. உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்கும் அப்பால் வீடு. நமக்கு வாய்ப்பது மதில் மட்டும்தான்.

பழைய வீடு பார்க்க ஆசை என்றால் கடற்கரைக்கு முதுகைக் காட்டிவிட்டு மேற்கே நடங்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டுங்கள். வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பகுதி, மேற்கே தமிழர்கள் இருந்த பகுதி. அங்கே வீடுகள் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். திண்ணை தெருவிலேயே இருக்கும்.

இந்த முறை அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். அத்தை வளர்ந்ததெல்லாம் மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில். கல்யாணமாகி விழுப்புரம் போனபிறகு பாண்டிக்கு வருவதென்றால் துணி எடுக்க, அவ்வளவுதான். "காசு கொடுத்து ஊருக்குப் போயி அடுத்தவன் வீட்டுத் தூணைப் பாக்கணுமாடி?" என்று கேட்டுக்கொண்டேதான் காரில் ஏறினார்.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. தெருக்கள் நூல் பிடித்தாற்போல ஓடுவதைப் பார்த்து எல்லோரும் பிரெஞ்சுக்காரர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிப்பார்கள். அந்தக் கட்டம்கட்டமான தெருத் திட்டத்தைப் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693இல் ஊரைப் பிடித்து, 1699இல் பிரெஞ்சுக்காரர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்குள் வரைந்துவிட்டுப் போன வேலை அது. பிறகு 1761 ஜனவரியில் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். நகரம் சரணடைந்தபின் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்ததும்தான் அங்கே திரும்பக் கட்ட ஆரம்பித்தார்கள். ஆகவே இன்று நாம் படம் எடுக்கும் கிழக்குப் பக்கத்துக் கட்டடங்கள் அநேகமாக எல்லாமே அதற்குப் பிந்தியவை. அந்த இடிப்புக்கு முந்தைய வீட்டைப் பார்க்க வேண்டுமானாலும் வாய்க்காலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்த வீட்டுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் வைசியாள் வீதி. அரசாங்கக் காகிதத்தில் கலவை சுப்பராயச் செட்டியார் வீதி. மிஷன் வீதியிலுள்ள கலவைக் கல்லூரிக்கும் அதே செட்டியாரின் பெயர்தான். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். எட்டு மணிக்கு மேல் இரண்டு பக்கமும் வண்டிகள் வந்து நின்றுவிடும். அப்புறம் வீடுகளின் மேல்மாடியை மட்டும்தான் பார்க்க முடியும்.

இந்தத் தெருவில் நிற்கும்போது ஒரு வீட்டை மட்டும் பார்க்காதீர்கள், வரிசையாகப் பாருங்கள். வெளியே தெருவோரமாக மரக்கால்கள், அவற்றின் மேல் சரிந்து இறங்கும் ஓட்டுக் கூரை. இது தாழ்வாரம். அதற்கு உள்ளே ஒரு படி ஏறினால் திண்ணை. அதற்கும் உள்ளே நிலைக்கதவு. தாழ்வாரம் தெருவில் போகிறவருக்கு, திண்ணை வந்து உட்காருகிறவருக்கு, கதவுக்குப் பின்னால் வீட்டாருக்கு. வெயில் காலத்தில் இந்தத் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாழ்வார நிழலிலேயே நடந்துவிடலாம் என்ற காலம் ஒன்று இருந்தது. அத்தைக்கு அது ஞாபகம் இருக்கிறது. மழை வந்தால் புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு தாழ்வாரம் தாழ்வாரமாக ஓடியிருக்கிறார். நடுவில் ஒரு வீட்டுக்காரர் மட்டும் திண்ணையில் ஏறினால் திட்டுவாராம். அந்த வீடு எது என்பதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் போனது. கடைசியில் அது இப்போது இல்லை என்று முடிவுக்கு வந்தோம்.

வரிசை என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை வீடு தனியாக நின்றால் பாதி வீடுதான். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். ஒருவர் இடித்துவிட்டுத் தெருவரை கான்கிரீட் பெட்டி ஒன்றைக் கட்டினால் நிழல் அந்த இடத்தில் அறுந்துபோகும். கூரையின் வரி உடையும். அடித்தளம் தோண்டும்போது பக்கத்து வீட்டுப் பொதுச்சுவர் விரிசல் விடும். விரிசல் விட்ட வீட்டுக்காரர் இரண்டு மழைக்காலம் பொறுப்பார். மூன்றாவது மழைக்கு முன்னால் அவரும் இடிப்பார். ஒரு தெரு இப்படித்தான் காணாமல் போகிறது. நகரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக அழகான வீடுகளைத் தேர்ந்தெடுத்துப் புதுப்பித்தால் நமக்குக் கிடைப்பது பல் விழுந்த வாய்தான்.

வைசியாள் வீதியில் செய்தது அதனால்தான் எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றுகிறது. பழைய கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு 1980களிலிருந்தே புதுவையில் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டம் வந்தது. புதுவை, பிரான்ஸிலுள்ள வில்நெவ்-சுர்-லோட், இத்தாலியிலுள்ள உர்பினோ ஆகிய மூன்று நகரங்களும் அதில் கூட்டு. அந்தப் பணத்தில் ஒரு மாளிகையைப் புதுப்பித்து நாடா வெட்டியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் இந்த ஒரு தெருவின் முகப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்காரர்களிடம் பேசி, செலவில் அவர்களும் ஒரு பங்கு போடும்படி செய்து, மூடிக்கிடந்த தாழ்வாரங்களைத் திறந்தார்கள். கான்கிரீட்டில் கட்டிவிட்ட வீடுகளையும் ஒதுக்கவில்லை. அவற்றின் முகப்பையும் வரிசைக்குப் பொருந்தும்படி மாற்றினார்கள். 2008இல் இந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. அரண்மனைகளும் கோயில்களும் வாங்குகிற விருது அது. அதைத் திண்ணையும் ஓட்டுத் தாழ்வாரமும் உள்ள ஒரு குடியிருப்புத் தெரு வாங்கியிருக்கிறது. நம் ஊர்ப் பத்திரிகைகள் இதற்கு இன்னும் கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம்.

கொஞ்சம் வசதியான வீடுகளில் மேல்மாடியை அண்ணாந்து பாருங்கள். கீழே மரத்தூண், திண்ணை, செதுக்கிய நிலைக்கதவு என்று எல்லாம் நம் வழக்கம். மேலே போனால் காரைத்தூண், வளைவு வைத்த ஜன்னல், கைப்பிடிச் சுவர் என்று பிரெஞ்சு வாடை. ஒரே வீடு, ஒரே சொந்தக்காரர். துரைமார்களோடு வியாபாரம் பேசியவர்கள் வீட்டின் மேல்பாதியில் அவர்களைப் பார்த்துச் செய்தார்கள். கீழ்ப்பாதியில் கைவைக்கவில்லை. கல்யாணமும் சாவும் கீழேதானே நடக்கும்.

அத்தையின் பள்ளித்தோழி ஒருவர் மூலமாக ஒரு வீட்டுக்குள் போக வாய்த்தது. வீட்டுக்கார அம்மாள் எழுபதைத் தாண்டியவர். "வாங்கக்கா, வாம்மா, செருப்பை அங்கேயே விடுங்க, காத்து அடிச்சா தெருவுக்குப் போயிடும்" என்று உள்ளே அழைத்தார். ரேழியின் இருட்டைத் தாண்டியதும் முற்றம். வெளிச்சம் மேலிருந்து கொட்டுகிறது. சுற்றி நான்கு புறமும் தூண்கள், பின்னால் கூடம், அதற்கும் பின்னால் அடுக்களை, கிணறு. தெருக்கதவிலிருந்து கிணற்றடி வரை ஒரே நேர்கோட்டில் பார்வை போகிறது. கதவுகளைத் திறந்துவைத்தால் காற்றும் அதே கோட்டில் போகிறது. முற்றத்தில் வெயில் ஏற ஏறச் சூடான காற்று மேலே கிளம்பும். தெருப்பக்கத்து நிழலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி ஓடவில்லை. எனக்கு வியர்க்கவுமில்லை. ஆனால் முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். "குரங்குக்காம்மா?" என்றேன். "திருடனுக்கு" என்றார்.

நான் தலையை நிமிர்த்தியபடியே நின்றதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு. அந்தக் கூடத்தின் கூரை மெட்ராஸ் டெரஸ். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உத்தரங்களின் மேல் நெருக்கமாகத் தேக்குச் சட்டங்கள். சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் பதித்துக்கொண்டே போவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு படலம். அதை மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டும்போது கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டோடு. இதில் இரும்புக் கம்பி கிடையாது. கடற்கரை ஊரில் அது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்பது, உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கூரைப்பூச்சு பொத்தென்று விழும் அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

சுவரிலும் அதே கதைதான். பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். அந்தச் சுவரில் "பலமா இருக்கட்டும்" என்று சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது சுவருக்குள்ளேயே மேலே ஏறி, வேறு எங்காவது உப்பாகப் பூத்து, பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வீட்டுக்கார அம்மாள் கையைக் காட்டினார். கூடத்தின் சுண்ணாம்புச் சுவர் அவருடைய மாமனார் காலத்தியது, கைவைத்தால் வழவழவென்று குளிர்கிறது. பக்கத்து அறையில் அவர் மகன் சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்த சுவர் இடுப்பு உயரத்துக்குப் பொரிந்து உதிர்கிறது. "இதுக்கு மூணு வாட்டி பெயின்ட் அடிச்சாச்சு" என்றார். மகனைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை, காபி போடப் போய்விட்டார்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. சுண்ணாம்பை நீற்ற வேண்டும், நாள்பட ஊறவிட வேண்டும், மணலோடு அரைக்க வேண்டும். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகு ஏற்றுவார்கள். மூட்டையைப் பிரித்தோம், கொட்டினோம், கலந்தோம் என்று பழகிய கைக்கு இந்தப் பொறுமை வராது. கூலியும் கூட.

இனி ரங்கப்பிள்ளை வீதி. பெரிய மார்க்கெட் சத்தத்துக்கு நடுவில் நிற்கிறது ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736இலிருந்து கிட்டத்தட்டச் சாகும்வரை நாட்குறிப்பு எழுதியவர். 1738இல் கட்டி முடித்த வீடு இது. கீழ்த்தளம் செதுக்கிய மரத்தூண்கள் சூழ்ந்த முற்றம். மேல்தளம் வெள்ளைக் காரைத்தூண்கள், அப்படியே பிரெஞ்சு. வைசியாள் வீதியில் சொன்னேனே, கீழே ஒன்று மேலே ஒன்று என்று? அந்த வழக்கத்தை இத்தனை பழைய வீட்டில், இத்தனை துணிச்சலாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

பிள்ளை இறந்தது 1761 ஜனவரி 12. அதே வாரத்தில் நகரம் ஆங்கிலேயர்களிடம் விழுந்தது. அவர் வாழ்நாளெல்லாம் போய்வந்த ஆளுநர் மாளிகை இடிபட்டது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் அவர் வீடு தப்பியது. நாட்குறிப்புச் சுவடிகளை அந்தக் குடும்பத்தாரிடமிருந்து கலுவா-மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் 1846இல்தான் கண்டெடுத்தார். வெல்லம் விற்ற விலையிலிருந்து ஆளுநர் மனைவியின் கோபதாபம் வரைக்கும் எழுதிவைத்த மனிதர், தன் வீட்டு முற்றத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கக்கூடாதா என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

வீடு குடும்பச் சொத்து. நினைத்தபோது கதவைத் தட்டி உள்ளே போகிற இடமல்ல. முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள், அது அவர்கள் வீடு. இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டை அரசு செலவில் காப்பாற்றலாம் என்று என்னிடம் சீட்டு கொடுத்தால் நான் இந்த வீட்டின் பெயரைத்தான் எழுதுவேன். தெரு வரிசைதான் முக்கியம் என்று மேலே நீட்டி முழக்கியவள் நான்தான். இருக்கட்டும், இது விதிவிலக்கு.

தெற்கே இறங்கினால் காஜியார் வீதியும் முல்லா வீதியும். முஸ்லிம் குடும்பங்களின் வீடுகள். திண்ணையும் முற்றமும் இங்கேயும் உண்டு. மாடியில் சல்லடைத் தடுப்புகள் கூடும். உள்ளேயிருந்து தெருவைப் பார்க்கலாம், தெருவிலிருந்து உள்ளே பார்க்க முடியாது. வெயில் ஏறிவிட்டதால் இங்கே வேகமாக நடந்துவிட்டோம். தனியாக ஒரு காலை ஒதுக்க வேண்டிய தெருக்கள்.

பெருமாள் கோயில் வீதியில் மேசோன் பெருமாள் என்ற விடுதி இருக்கிறது. முற்றம் வைத்த பழைய தமிழ் வீட்டை நன்றாகப் புதுப்பித்திருக்கிறார்கள். தூணில் கைவைத்துப் பார்த்த அத்தை விலைப்பட்டியலைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "ஒரு ராத்திரிக்கு இவ்ளோவா? நாங்க வருஷம் பூரா இருந்தோமேடி இந்த மாதிரி வீட்ல!" பழைய வீடுகள் விடுதிகளாவதைப் பற்றிக் கோபப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. சுற்றுலாக்காரர்களுக்காக ஊரையே மேடை அலங்காரமாக்கிவிட்டார்கள் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விடுதி ஆகாவிட்டால் அந்த வீட்டில் குடும்பம் குடியிருந்திருக்கும் என்று நினைப்பது கனவு. அது ஜவுளிக்கடையின் கிடங்காகவோ வண்டி நிறுத்துமிடமாகவோ ஆகியிருக்கும்.

இந்த வீடுகளை உடைப்பதில் முதல் பங்கு மழைக்குமல்ல, புயலுக்குமல்ல, பாகப்பிரிவினைக்கு. தாத்தா ஒரு வீடு விட்டுப்போகிறார். பிள்ளைகள் நால்வர், பேரன்கள் பதினொருவர். அதில் பாதிப்பேர் பாரீஸில். முற்றத்தின் நடுவில் சுவர் எழும்பும், அல்லது எல்லோரும் கையெழுத்துப் போடும்வரை வீடு பூட்டிக்கிடக்கும். ஓடு ஒன்று நகர்ந்தால் மாற்ற ஆளில்லை. தண்ணீர் சட்டத்தில் இறங்கும். தேக்குத்தான், ஆனாலும் எத்தனை வருஷம்? கடைசியில் கட்டடக்காரர் ஒருவர் வந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு வீடு தருகிறேன் என்பார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் குடும்பத்திலும் ஒரு வீடு அப்படித்தான் போனது. அதைப் பற்றி அத்தை அன்று முழுவதும் பேசவேயில்லை, நானும் கிளறவில்லை.

அதே பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்த வீடும் நினைவில்லங்களாக இருக்கின்றன. பாரதி 1908இலிருந்து 1918 வரை இந்த ஊரில் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது, படங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள் என்பது. அனுமதி கேட்காமல், காபிக்குக் கடன்படாமல், புதுவையின் தமிழ் வீட்டுக்குள் ஆற அமர நிற்க வாய்க்கும் இடங்கள் இவை. தூணிலிருந்து தூணுக்கு எத்தனை அடி, முற்றம் எவ்வளவு பள்ளம், வெளிச்சம் எந்த அறையில் தீர்ந்துபோகிறது என்று பாருங்கள்.

திரும்பும் வழியில் கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைக் காட்டினேன். பழைய நகராட்சி மன்றம், 1870களில் கட்டியது. பல ஆண்டுகள் பராமரிப்பில்லாமல் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். நல்ல வேலை, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டப் போனால் எல்லாக் கோடுகளும் கொஞ்சம் அதிக நேராக இருக்கின்றன. இடிந்தபிறகு கோடிக்கணக்கில் செலவழிக்க முடிந்தவர்களுக்கு, இடிவதற்கு முன்னால் கூரை ஒழுக்கை அடைக்கப் பணம் கிடைக்காமல் போனது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு. அத்தைக்கு அது புரிந்தது. "ஒழுக்கை அடைச்சா யாருடி கல்வெட்டு வெப்பாங்க?"

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். காந்தி வீதி முழுக்கச் சந்தை போட்டுவிடுவார்கள், சுற்று வட்டாரத்தில் ஒரு முகப்பும் கண்ணில் படாது. கோடையில் காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். திண்ணை தெருவில் இருக்கிறதே என்று கேட்காமல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். வைசியாள் வீதிக்காரர்கள் இதில் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் உட்காரச் சொல்வார்கள், தண்ணீரும் கொடுப்பார்கள். சொந்த ஊரில் சுண்ணாம்பு பூசிய பழைய வீடு வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த மராமத்துக்குச் சிமென்ட் மூட்டை இறக்குவதற்கு முன்னால் ஒரு நடை இந்தப் பக்கம் வாருங்கள். கூடத்துச் சுவரையும் பக்கத்து அறைச் சுவரையும் காட்ட அந்த அம்மாள் தயார். மகன் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து வரச் சொன்னார்.